ரிவர்ஸ் போகக் கூடாத வண்டி

நம் டயர் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் போன வாரம் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை சுத்தம். கை வேகம். ஒரே ஒரு குறைதான் கண்ணில் பட்டது. வண்டி உள்ளே வந்ததும் எல்லோரும் நேராகக் குனிந்து டயரைப் பார்க்கிறீர்கள். வண்டி எப்படி உள்ளே வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் சாயங்காலம் வரை மூடமாட்டான் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு விட்டதை இப்போது எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

ரிம்மும் டயரும் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்ப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நட்டுத் துளைகள் எத்தனை, எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன, ரிம் உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு பிதுங்குகிறது, இதெல்லாம் இப்போது கைப்பேசியைத் தட்டினால் வந்துவிடுகிறது. கைப்பேசி கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எனக்குத் தொழில் பழக்கிய பாஸ் அதைத்தான் முதலில் கேட்பார். நம் ஊரில் கராஜ் மெக்கானிக்கைத்தானே பாஸ் என்போம், அந்த பாஸ். யார் வந்து பெரிய டயர் வேண்டும் என்றாலும் அவர் அளவை எடுக்கமாட்டார். பீடியைக் காதில் செருகிக்கொண்டு, “எங்க ஓட்டப் போறீங்க?” என்பார். பதில் வரும்வரை ஸ்பேனரைத் தொடமாட்டார். அவர் நேரத்தை வீணாக்குகிறார் என்று அந்த வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அதற்காகப் பெரிய டயர் என்றாலே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். மொனராகலையில் பிக்கப் கெப்பில் கரும்பு ஏற்றும் ஒருவருக்கு அகலமான டயரும் வெளியே பிதுங்கும் ரிம்மும் நானே பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு நேர் ரோடு, மணல் பாதை, திரும்புவதற்கு ஒரு வயல் அகலம். இன்றைக்கும் என்னைக் கண்டால் கைகொடுக்காமல் போகமாட்டார். அதே அளவு இன்னொரு கெப்பில் வந்தபோது என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

புஷ்பராணியை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். குவைத்தில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பி வந்து, ஒரு டபுள் கெப் வாங்கி, தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையில் மரக்கறி, அரிசி, சீமெந்து, கல்யாணச் சாமான் என்று எதையும் ஏற்றுபவள். ஆரம்பத்தில் பொம்பிளை ஓட்டுகிற வண்டி என்று சிரித்தவர்கள், பிறகு அவளுடைய வண்டி வந்தால்தான் சாமான் உடையாமல் வரும் என்று காத்திருக்கத் தொடங்கினார்கள். வாயும் கொஞ்சம் நீளம். என்னை அண்ணன் முறையில் நானா என்பாள், ஆனாலும் என்னோடு சண்டை பிடிக்காமல் ஒரு டயர்கூட வாங்கியதில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து நான் கடைக்கு வந்து நிற்கிறேன், அவளுடைய கெப் ரோட்டிலிருந்து நம் கேட்டுக்குள் திரும்புகிறது. நம் கேட் எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரிக் கெப் ஒரே வெட்டில் உள்ளே வரும். அவளும் எப்போதும் அப்படித்தான் வருவாள். அன்றைக்குப் பாதியில் நின்று, ஒரு தரம் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னுக்கு வந்தாள். வந்த கையோடு வெளியே நின்ற ஆட்டோக்காரர்களைத் திட்டினாள்.

“வழிய அடச்சிக்கிட்டு நிக்கிறானுக நானா. மனுசன் வண்டிய எப்பிடித் திருப்பறது?”

நான் எட்டிப் பார்த்தேன். ஆட்டோக்கள் எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றன.

வண்டியைப் பார்த்ததும் நம் சுனில் சக்கரம் கழற்றுவதை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான். நாலு சக்கரமும் புதுசு. கறுப்பும் பொன்னும் கலந்த அலோய் ரிம். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. அழகில்லை என்று சொன்னால் பொய். விடியற்காலையில் கீழ்நாட்டில் ஒரு கடைக்குப் போய், பழைய ரிம்மையும் டயரையும் அங்கேயே மாற்றாகக் கொடுத்துவிட்டு, நேராக மலை ஏறி வந்திருக்கிறாள். இன்னும் தோட்டத்துக்குக்கூடப் போகவில்லை.

“சும்மா எலைன்மென்ட் மட்டும் பாத்துக் குடுங்க நானா. கொஞ்சம் இடது பக்கமா இழுக்குது. நாளைக்கு அம்மா ஏறுறா என் வண்டில.”

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. வருசா வருசம் அம்மன் ஊர்வலத்தைத் தோட்டத்து ட்ரெக்டர்தான் இழுக்கும். அந்த வருசம் ட்ரெக்டர் பழுது. கோயில் கமிட்டி கூடிப் பேசி, புஷ்பராணியின் கெப்பில் தேரைக் கட்டலாம் என்று முடிவெடுத்திருந்தது. அவளுக்கு அது சின்ன விசயமில்லை. குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு, ஊருக்குப் போய் வண்டி ஒன்று வாங்கினால் அதில் அம்மனை ஏற்றி ஊர்வலம் கொண்டு போவேன் என்று நேர்ந்திருந்தாளாம். அதற்குத்தான் இந்தப் பளபளப்பெல்லாம்.

எனக்குக் கேட்டில் எடுத்த அந்த ஒரு ரிவர்ஸ் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். சக்கரம் இதற்கு மேல் திரும்பக் கூடாது என்று தடுப்பதற்கு உள்ளே ஒரு போல்ட் இருக்கும். அந்தப் போல்ட்டில் இரண்டு தடித்த வாஷர் புதிதாகப் போட்டு இறுக்கியிருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. டயர் பெரிசு, முழுதாகத் திருப்பினால் மட்கார்டில் உரசும். உரசாமல் இருக்க, வண்டி முழுதாகத் திரும்பாதபடி செய்துவிட்டார்கள். கழுத்துச் சுளுக்கினவனைப் போல வண்டி பாதிதான் திரும்பும். டவுன் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு வருசக் கணக்கில் தெரியாது. போட்டவனைக் குறை சொல்லவும் முடியாது. அவனிடம் யாரும் தோட்டத்து ரோட்டைப் பற்றிச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

தோட்டத்துக்குப் போகும் வழியில் கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோருக்குக் கீழே ஒரு முடக்கு, கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஸ்டோரு முடக்கு என்பார்கள். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் மழைத்தண்ணி ஓடுகிற கான், கானுக்கு அப்பால் தேயிலைச் சரிவு. நானே பல தரம் போயிருக்கிறேன். சாதாரணக் கெப் ஒரே வெட்டில் திரும்பும், ஆனால் மிச்சம் அதிகம் இருக்காது.

“மகள், ஸ்டோரு முடக்குல ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரும்” என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “ரிவர்ஸா? அம்மா வண்டில ரிவர்ஸ் எடுக்கவே கூடாது நானா.”

எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அந்தத் தோட்டத்தில் அப்படியொரு முறை. கோயிலை விட்டு அம்மன் கிளம்பினால், எல்லா லயத்தையும் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும்வரை சக்கரம் ஒரு அடிகூடப் பின்னால் உருளக் கூடாது. நிறுத்தும் இடத்திலெல்லாம் கட்டை வைத்துவிடுவார்கள். வீட்டு வாசலுக்கு வருகிற அம்மனைப் பின்னால் தள்ளினால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது போல என்று சொன்னாள். ட்ரெக்டர் சின்ன வட்டத்தில் திரும்பும், அதனால் இத்தனை வருசமும் யாரும் யோசிக்க வேண்டி வரவில்லை.

“அப்ப இந்த வாஷரக் கழட்டிருங்க.”

கழற்றிக் காட்டினேன். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் டயர் மட்கார்டைக் கரகரவென்று அறுத்தது.

“மட்கார்ட வெட்டிருங்க.”

“மட்கார்டுக்குப் பின்னால சேசிஸ் இருக்கு மகள். அதையும் வெட்டவா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒங்க கடைல வாங்கலன்னு கோவமா நானா?”

உண்மையைச் சொல்கிறேன், அது சுருக்கென்று தைத்தது. எத்தனை வருசம் இந்தக் கையால் அவளுக்கு டயர் மாட்டியிருக்கிறேன். கோபத்தில் சரி உன் பாடு என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கலாம். வாடிக்கையாளர் இப்படிப் பேசும்போது உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவள் என்னை நம்ப வேண்டிய அவசியம் என்ன? கண்ணால் பார்த்தால் போதாதா?

வாஷரை இருந்தபடியே மறுபடி போட்டேன். “வாங்க, முடக்குக்கே போய்ப் பார்ப்போம்” என்றேன்.

வெறும் வண்டியில் பார்ப்பதில் பயனில்லை. தேர் கட்டினால் பாரத்தில் வண்டி அமுங்கும், திரும்புவதும் மாறும். ஆகவே பழைய லொறி டயர்களைத் தூக்கிப் பின்னால் போட்டோம். பூசாரி நிற்க வேண்டிய இடத்தில் சுனிலை ஏற்றினோம். அவன் ஒருவனே இரண்டு பூசாரிக்குச் சமம். தேர் விளக்குக்கு ஏற்றுகிற ஜெனரேட்டருக்குப் பதிலாக நானும் ஏறிக்கொண்டேன். சுனில் வசதியாக நடுவில் உட்காரப் போனான்.

“நடுவுல யாரும் ஒக்காரக் கூடாது” என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. “அது அம்மா நிக்கிற எடம். டயர மட்டும் வைங்க.”

இப்படி நாங்கள் ஓரத்தில் தொங்கிக்கொண்டும், லொறி டயர்கள் நடுவில் மரியாதையோடு அமர்ந்துகொண்டும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

முடக்கில் அவள் நன்றாகவே வெட்டினாள். ஓட்டத்தில் பிழையில்லை. பாதி திரும்பியதும் ஸ்டியரிங் டக்கென்று நின்றுவிட்டது. வண்டியின் மூக்கு கானைப் பார்த்துக்கொண்டு நின்றது. ரிவர்ஸ் எடுத்தாள். கீழே போய், இன்னும் அகலமாக எடுத்து வந்தாள். மறுபடி அதே இடம், அதே கான். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், அவளுக்கு உறவு போல, மெதுவாகக் கேட்டார்.

“ராணி, நாளைக்கும் இப்பிடித்தான் போவியா?”

அதில் கேலி இருந்திருந்தால் புஷ்பராணி பதில் கொடுத்திருப்பாள். அந்தக் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சுனில்கூடச் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். முன்னால் இரண்டு சக்கரத்தை மட்டும் மாற்றிவிடலாம், அழகான இரண்டும் பின்னால் இருக்கட்டும் என்று சுனில் சொன்னான். மேட்டில் பாரத்தோடு ஏற நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும், அளவு மாறினால் கியர் உள்ளேயே ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அது சரிவராது. அவளுடைய வண்டிக்குப் பொருந்துகிற அலோய் ரிம் அன்றைக்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. கண்டியிலிருந்து எடுக்க நேரமில்லை. ராக்கைத் தட்டில் கிடந்தது வண்டியோடு வருகிற மாதிரியான வெறும் இரும்பு ரிம், கறுப்பு, ஒரு செட். அதற்கேற்ற டயரும் இருந்தது. உருட்டிக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன்.

“இதா?” என்றாள். “மண்ணெண்ண ஏத்துற பவுசர் மாதிரி இருக்கும் நானா. அம்மாவ ஏத்துற அன்னைக்கி வண்டி அழகா இருக்கணும்னுதான இவ்வளவும்.”

“அம்மா அழகா போகணுமா, முன்னால போகணுமா?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

“இத நான் விக்கல மகள்” என்றேன். “இரவல். திருவிழா முடியக் கொண்டு வந்து தாங்க. ஒங்கட பொன் ரிம் இங்கேயே பத்திரமா இருக்கும்.”

மாற்றினோம். வாஷர்களைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எலைன்மென்ட் பார்த்தோம். வெளியே போய் ஒரு தரம் கேட்டுக்குள் வரச் சொன்னேன். ஒரே வெட்டில் வந்தாள். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை, நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டாள். முடக்கில் மறுபடி பார்க்க நேரமில்லை, தேர் கட்டுகிறவர்கள் காத்திருந்தார்கள்.

மறுநாள் நானும் சுனிலும் போகாமல் இருக்க முடியுமா? போய்ப் பார்த்தால் கெப்பே தெரியவில்லை. வாழைமரம், தோரணம், மின்விளக்கு, அதற்கு மேல் சிவப்புப் பட்டுத் துணியைச் சுற்றிலும் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். சக்கரம் கறுப்பா பொன்னா என்று பார்க்க வேண்டுமானால் முழங்காலில் உட்கார்ந்து துணியைத் தூக்க வேண்டும். சுனில் என்னைப் பார்த்தான், நான் சுனிலைப் பார்த்தேன்.

“சிரிக்காதீங்க நானா” என்றாள் அவள். பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். “டெக்கரேசன்காரன் ஒரு வார்த்த சொல்லல.” சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

பூசாரி ஒவ்வொரு சக்கரமாகத் துணியைத் தூக்கி, ரிம்மில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். அந்தக் கறுப்பு இரும்பில் அது எடுப்பாகத் தெரிந்தது. பிறகு எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கடியில் வைத்தார். வண்டி நசுக்கிக்கொண்டு புறப்பட்டது.

கோயிலடியில் இருக்க வேண்டிய கூட்டம் பாதிக்கு மேல் ஸ்டோரு முடக்கில் நின்றது. முந்தின நாள் பார்த்த பெண்கள் வழியாகச் செய்தி எல்லா லயத்துக்கும் போயிருந்தது. நாங்கள் திட்டுப் பக்கமாக நின்றோம். வெயில் சாய்கிற நேரம், தப்பு மேளம் முழங்க வண்டி மெல்ல மேலேறி வந்து முடக்குக்குள் நுழைந்தது.

நன்றாக வந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். காற்றில் தூக்கிய துணிக்குக் கீழே டயரின் நுனி தெரிந்தது. நேற்று ஸ்டியரிங் தட்டி நின்ற அதே அளவில் கையை நிறுத்தியிருக்கிறாள். இரண்டு தரம் அங்கே முட்டிப் பார்த்த கை, இதற்கு மேல் போகாது என்று நம்பிவிட்டது. மூக்கு கானைப் பார்த்தபடி நிற்கிறது. தப்பு ஓய்ந்துவிட்டது. கமிட்டித் தலைவர் பதறிப்போய்க் கையை ஆட்டுகிறார்.

“ரிவர்ஸ் எடு ராணி, பரவால்ல, கான்ல எறங்கிரும், ரிவர்ஸ் எடு.”

அவள் கை கியரில் போனது. அந்த நேரம் கூட்டத்தில் அம்மனைப் பற்றி வாயைத் திறக்க நான் யார் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் சக்கரத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறதே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலருகே போனேன். கத்தவில்லை. கத்தினால் கை இன்னும் இறுகும்.

“மகள், இன்னும் இருக்கு. திருப்புங்க.”

என்னைப் பார்த்தாள். சட்டை மாற்றியும் மறக்காமல் பையில் போட்டு வந்த வாஷர்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். “இது என்கிட்டதான் இருக்கு. ஸ்டியரிங் இன்னும் போகும்.”

கியரிலிருந்து கையை எடுத்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். திரும்பியது. இன்னும் திரும்பியது. வண்டி அங்குலம் அங்குலமாக நகர, மூக்கு கானை விட்டு ரோட்டுக்கு வந்தது. முன் சக்கரம் கான் விளிம்பில் ஒரு சாண் மிச்சம் வைத்துப் போனது. பட்டுத் துணி திட்டில் உரசி மண்ணானது, அதைப் பற்றி யாருக்குக் கவலை? தப்பு அதிர்ந்தது. கூடையோடு நின்று கேட்ட அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. தூசி என்று சுனிலிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை.

திருவிழா முடிந்து இரும்பு ரிம்மைத் திருப்பித் தர வந்தாள். சக்கரத்தில் சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. கழுவுகிறவன் ஹோஸைத் தூக்கியதும், “அதுல தண்ணி அடிக்காத” என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம். பொன் ரிம்மை மொனராகலைக் கரும்புக்காரர் ஆசையோடு எடுத்துக்கொண்டார், அவருடைய ரோட்டுக்கு அது சரி. இவளுக்குக் கண்டியிலிருந்து ஒரு செட் அலோய் ரிம் வரவழைத்து வைத்திருந்தேன். வெளியே பிதுங்காத, மட்கார்டுக்குள் அடங்குகிற, அவளுடைய பழைய டயரின் அளவே எடுக்கிற ரிம். பளபளப்பில் குறையில்லை. மாட்டி முடித்ததும் நட்டுத் துளை, அகலம் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவேயில்லை.

“அதெல்லாம் ஒங்க வேல நானா. ஒரே வெட்டுல கேட்டுக்குள்ள வரணும். வராட்டி கழட்டிருங்க.”

வண்டியை ரோட்டுக்கு எடுத்துப் போனாள். ஆட்டோக்கள் எப்போதும் போல வழியை அடைத்துக்கொண்டு நின்றன. நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பினாள், நிற்காமல் வந்தாள், ஜன்னலால் தலையை நீட்டி எனக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“இன்னும் இருக்கு நானா.”